ஜிம்மர் ஃப்ரெடெட்டை ‘ஃபெயிலியர்’னு சொல்லலாமா?

4 மே 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

ஜிம்மர் ஃப்ரெடெட் ரிட்டயர் ஆயிட்டார். 2011-ல அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால்ல இருந்த பெரிய விருது அத்தனையும் வாங்கின ஆள். நெய்ஸ்மித், ஜான் வுடன், ஏபி, எல்லாம். அப்புறம் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வுல ஆட்டத்துக்குச் சராசரி 6 பாயிண்ட். காலேஜ்ல சின்னப் பசங்களை வெச்சு அடிக்கிற பாயிண்ட்டுக்கு இவ்ளோதான் மதிப்புன்னு நான் சொல்றேன். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

4 மே, ராத்திரி

மறுக்கிறேன்.

சின்னப் பசங்களா? 2011 ஜனவரி 26-ம் தேதி எதிர்ல நின்ன சான் டியேகோ ஸ்டேட் அணியில கவாய் லெனர்ட்னு ஒரு சின்னப் பையன் இருந்தான், பின்னாடி என்பிஏ சூப்பர் ஸ்டார் ஆன ஆள். அந்த அணி அதுவரைக்கும் 20 ஆட்டம் ஆடி இருபதும் ஜெயிச்சு வந்திருந்தது. அன்னைக்கு ஜிம்மர் 43 அடிச்சார். ஜிம்மரோட பிஒய்யு (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) 71, சான் டியேகோ ஸ்டேட் 58. மொத்த அணி எடுத்ததுல பாதிக்கு மேல ஒரே ஆளோட கணக்கு.

மிச்சத்தைக் காலையில எழுதுறேன், கண்ணு சொக்குது.

5 மே, காலை

அந்த ஆட்டம் நடந்தது யூட்டா மாநிலம் புரோவோவுல, அவங்களுக்கு ராத்திரி. நமக்கு மறுநாள் காலை, ஆபீஸ் கிளம்புற நேரம். திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம்ல, லேப்டாப்ல டேட்டா கார்டைச் செருகி, கள்ள ஸ்ட்ரீம் ஒண்ணுல பார்த்தேன். பந்து அவர் கையை விட்டுக் கிளம்பும், படம் அப்படியே உறைஞ்சு நிக்கும். மறுபடி ஓடும்போது ஸ்கோர் போர்டுல மூணு கூடியிருக்கும், எதிரணிக்காரன் பந்தை உள்ளே எறிஞ்சுட்டு இருப்பான். பாதி ஷாட் வலைக்குள்ள போனதை நான் பார்க்கவே இல்லை, ஸ்கோரை வெச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

ஆளைப் பார்த்தா சூப்பர் ஸ்டார்னு சொல்ல மாட்டீங்க. பெரிய தாவல் கிடையாது, கண்மண் தெரியாத வேகம் கிடையாது. பாதிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ரெண்டு தட்டு தட்டுவார். தோளை ஒரு பக்கம் சாய்ப்பார். தடுக்கிறவன் உள்ளே பாயப்போறார்னு நினைச்சு ஒரு அடி பின்னாடி வைப்பான். அந்த ஒரு அடிதான் வேணும். மூணு பாயிண்ட் (த்ரீ) கோட்டுக்கு ரொம்ப வெளியிலிருந்தே தூக்கிப் போட்டுடுவார். விழலைன்னா அடுத்த தடவையும் அதே இடத்திலிருந்து போடுவார், கோச் டேவ் ரோஸ் பெஞ்சுக்குக் கூப்பிட மாட்டார். அது எவ்வளவு பெரிய சலுகைன்னு காலேஜ் டீம்ல ஆடினவங்களுக்குத் தெரியும்.

அன்னைக்குத்தான் கெவின் டுரான்ட் ட்விட்டர்ல, உலகத்துலயே பெரிய ஸ்கோரர் இவர்தான்னு எழுதினார். டுரான்ட் அப்போ என்பிஏ-வோட ஸ்கோரிங் சாம்பியன். கிண்டல் இல்லை, நிஜமாவே எழுதினது.

5 மே, மதியம்

“ஒரு ஆட்டத்தை வெச்சுப் பேசாதீங்க”ன்னு கேள்வி போட்டவர் எழுதியிருக்கார். சரி, எடுத்துக்குங்க. 2009 டிசம்பர்ல அரிசோனா பல்கலைக்கழகத்தோட சொந்த மைதானத்துல 49. 2011 மார்ச்ல நியூ மெக்ஸிகோவுக்கு எதிரா 52. கடைசி வருஷச் சராசரி 28.9, நாட்டுலயே அதிகம். நாலு வருஷத்துல மொத்தம் 2,599. டேனி எய்ன்ஜ் வெச்சிருந்த பிஒய்யு சாதனையை உடைச்சார். 2015-ல டைலர் ஹாஸ் இவரைத் தாண்டினார், அது வேற கதை.

6 மே

யார் இந்த ஆள், எங்கிருந்து வந்தார்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியூயார்க் மாநிலத்துல க்ளென்ஸ் ஃபால்ஸ்னு ஒரு சின்ன ஊர். மன்ஹாட்டன்னு நினைச்சுக்காதீங்க, அங்கிருந்து பல மணி நேரம் வடக்கே போகணும். அண்ணன் டிஜே, தம்பிக்குக் கிட்டத்தட்ட மேனேஜர் வேலையே பார்த்திருக்கார். பக்கத்துச் சிறைகளுக்குத் தம்பியையும் ஒரு அணியையும் கூட்டிட்டுப் போய்க் கைதிகளோட ஆட வெச்சிருக்கார். சுத்தி நின்னு திட்டுற கூட்டத்துக்கு நடுவுல ஆடிப் பழகணும்ங்கிறது கணக்கு. அங்கே ஃப்ரீ த்ரோ போட்டவனுக்கு வேற எந்த ஊர் கூட்டம் பயம் காட்டும்?

2007 ஜனவரி 27-ம் தேதி டிஜே ஒரு ஒப்பந்தப் பத்திரமே எழுதித் தம்பிகிட்ட கையெழுத்து வாங்கினார். என்பிஏ-வுல ஆடுறதுக்கு வேண்டிய உழைப்பையும் தியாகத்தையும் செய்ய ஒத்துக்கிறேன்னு வாசகம். கவனிங்க, “என்பிஏ-வுல ஆடணும்”னுதான் எழுதினாங்க. ஆல்-ஸ்டார் ஆகணும்னோ பத்து வருஷம் நிலைக்கணும்னோ இல்லை. பத்திரப்படி பார்த்தா கடன் அடைஞ்சாச்சு.

6 மே, பின்னிரவு

பிஒய்யு பத்தித் தெரியாதவங்களுக்கு: அது மார்மன் கிறிஸ்தவ சபையோட பல்கலைக்கழகம். ஞாயித்துக்கிழமை ஆட மாட்டாங்க. என்சிஏஏங்கிற தேசியக் கல்லூரி டோர்னமென்ட்ல அதுக்குத் தகுந்த மாதிரிதான் அவங்களை டிராவுல போடணும். மாணவர்கள் ஒழுக்க விதியில கையெழுத்துப் போட்டுத்தான் சேரணும். 2011 மார்ச் முதல் வாரம் அணி தரவரிசையில 3-ம் இடம். அப்போ உள்ளே நின்னு ரீபவுண்ட் எடுக்கிற பிராண்டன் டேவிஸ் விதியை மீறினார்னு நிர்வாகம் அந்தப் பருவத்துக்கே உட்கார வெச்சிடுச்சு. மறுநாளே சொந்த மைதானத்துல நியூ மெக்ஸிகோகிட்ட 82-64 உதை. பத்து நாள்ல அதே நியூ மெக்ஸிகோ மேலதான் அந்த 52.

உயரமான ஆள் போனதும் ஜிம்மர் இன்னும் அதிகமா ஷூட் பண்ண வேண்டியதாச்சு. கடைசியில அந்த டோர்னமென்ட்ல, நியூ ஆர்லியன்ஸ்ல ஃப்ளோரிடாகிட்ட ஓவர்டைம்ல 83-74 தோல்வி. ஜிம்மர் 32 எடுத்தார், ஆனா எக்கச்சக்கமா ஷாட் வீணாச்சு, த்ரீ போட்டதுல பெரும்பாலும் வெளியே. முந்தின வருஷம் அதே ஃப்ளோரிடாவை ரெண்டு ஓவர்டைம் இழுத்து ஜெயிச்சப்போ 37 அடிச்சவர்.

டேவிஸ் இருந்திருந்தா ஃபைனல் ஃபோர், அதாவது அரையிறுதி, போயிருப்பாங்கன்னு எனக்கு இன்னைக்கும் ஒரு நம்பிக்கை. நிரூபிக்க முடியாது, விடுங்க.

8 மே

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம்.

என்பிஏ அணிகள் புது ஆட்களை வரிசையா எடுக்கிற 2011 டிராஃப்ட்ல 10-வது ஆளா மில்வாக்கி பெயர்ல எடுத்து, மூணு அணி சேர்ந்து பேசி வெச்ச டிரேட்ல சாக்ரமென்டோ கிங்ஸுக்கு அனுப்பினாங்க. அடுத்து 11-வது கிளே தாம்ப்சன், அவரும் பின்னாடி நட்சத்திரம். 15-வது அந்தச் ‘சின்னப் பையன்’ கவாய். சாக்ரமென்டோ ரசிகர்கள் இந்தப் பட்டியலை இனிமே படிக்காம இருக்கிறது உடம்புக்கு நல்லது. அதே டிராஃப்ட்ல 60-வதா, கடைசி ஆளா, அதே கிங்ஸ் எடுத்தது ஐசாயா தாமஸை. அந்தக் குள்ளமான பையன்தான் ஜிம்மர் ஆட வேண்டிய, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துற பாயிண்ட் கார்டு இடத்தைத் தட்டிட்டுப் போனார்.

அந்த வருஷம் லாக்அவுட், முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒப்பந்தத் தகராறுல லீக்கே மூடிக் கிடந்தது. சம்மர் லீக் கிடையாது, பயிற்சி முகாம் பேருக்கு நடந்தது, கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தான் பருவமே ஆரம்பம். ஏழு ஆட்டம் முடிஞ்சதுமே கோச் பால் வெஸ்ட்ஃபலைத் தூக்கிட்டாங்க. அணி ஊரை விட்டுப் போகுமா, விற்பாங்களான்னு ரெண்டு வருஷம் இழுபறி. புதுசா வந்த பையன் கத்துக்கிற இடமா அது?

2014 பிப்ரவரியில நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல 24 அடிச்சார், எட்டு த்ரீ போட்டு ஆறு உள்ளே. அவரோட என்பிஏ வாழ்க்கையில அதுதான் உச்சம். அந்த மாசம் முடியறதுக்குள்ள கிங்ஸ் ஒப்பந்தத்தை முடிச்சுக் கணக்குத் தீர்த்து அனுப்பிட்டாங்க. அப்புறம் சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், என்பிஏ-வுக்குக் கீழ்நிலையில இருந்த டி-லீக், நியூயார்க் நிக்ஸ்ல கொஞ்ச நாள். எங்கேயும் பந்து கைக்கு வரலை. மூலையில நின்னு, யாராவது பாஸ் கொடுத்தா போடு, இல்லைன்னா நில்லு. பந்தைக் கையில வெச்சு எதிராளியை ஆட்டி வைக்கிறதுதான் அவர் வித்தை. அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது நல்லா ஷூட் பண்ற சராசரி ஆள்.

8 மே, மாலை

“பந்து கொடுக்காததுக்குக் காரணம் டிஃபென்ஸ்”ன்னு ஒருத்தர் ஒத்தை வரியில எழுதியிருக்கார். ஆமா. அதைச் சொல்லாம இந்தப் பேச்சு நேர்மையா இருக்காது.

நான் ஆடினது எங்க இன்ஜினியரிங் காலேஜ் டீம்ல, சிமென்ட் கோர்ட். ஷூட்டிங் வரும், ஆளைத் தடுக்க வராது. எங்க கோச் ஜோன் (ஆளைத் துரத்தாம ஆளுக்கொரு இடத்தைக் காக்கிறது) போட்டு என்னை ஒரு மூலையில நிறுத்துவார். எதிரணியில ஷூட் பண்ணத் தெரியாதவன் எவனோ அவன் நிக்கிற பக்கம். என் ஓட்டையை அப்படியே மூடி வெச்சார், நானும் நல்ல பிளேயர்னு நினைச்சுட்டுத் திரிஞ்சேன். படிப்பு முடிச்சு ஒரு கம்பெனி டீம் செலக்‌ஷனுக்குப் போனேன். அங்கே மேன்-டு-மேன், ஆளுக்கு ஒரு ஆளைப் பிடிச்சுத் தடுக்கணும். எனக்கு வாய்ச்ச ஆள் முதல் தடவை பேஸ்லைன் (பின்கோடு) பக்கமா போனான், கூடைக்குக் கிட்டப் போய் லே-அப். ரெண்டாவது தடவையும் அதே பக்கம். மூணாவது தடவை அந்தப் பக்கத்தை அடைச்சு நின்னேன், நடுவுல புகுந்து போனான். செலக்டர் நோட்டுல எதுவும் எழுதலை, பேனா மூடியை மாட்டிட்டார்.

பிஒய்யு-வும் ஜோன் ஆடும். எதிரணியோட நல்ல கார்டு ஆட்டக்காரரை ஜாக்ஸன் எமரி பார்த்துப்பார். ஜிம்மர் மூச்சை மிச்சம் பிடிச்சு வெச்சுப்பார், ஃபவுல் வாங்காம இருக்கணும், அடுத்த பக்கம் 25 ஷாட் போடணுமே. என்பிஏ-வுல அப்படி ஒளிஞ்சுக்க முடியாது. பலவீனமான ஆள் யாருன்னு பார்த்து, ஸ்கிரீன் (தடுக்கிறவனைக் குறுக்கே நின்னு மறிக்கிறது) வெச்சு வெச்சு அவனையே பந்துக்கு எதிரா இழுத்துட்டு வருவாங்க.

9 மே

காலம் தப்பிப் பிறந்தவர்னு சிலர் சொல்றீங்க. ஓரளவுக்கு நானும் அந்தக் கட்சிதான். 2011-12-ல ஒரு என்பிஏ அணி ஆட்டத்துக்குச் சுமார் 18 த்ரீதான் போடும். 2018-19-ல அது 32. தூரத்து த்ரீயைப் பின்னாடி ஃபேஷன் ஆக்கின ஸ்டெஃப் கரி 2011-12-ல கணுக்கால் வலியோட பாதிப் பருவத்துக்கு மேல வெளியே உட்கார்ந்திருந்தார், அவ்ளோ தூரத்திலிருந்து பந்தைத் தட்டிட்டு வந்து நின்னு போடுறதை அப்போ எந்தக் கோச்சும் நல்ல ஷாட்னு சொல்ல மாட்டார். ஏழு வருஷம் கழிச்சு வந்திருந்தா குறைஞ்சபட்சம் பெஞ்சிலிருந்து இறங்கி 15 பாயிண்ட் அடிக்கிற வேலையாவது கிடைச்சிருக்கும்.

9 மே, கொஞ்ச நேரம் கழிச்சு

இல்லை, ஜே.ஜே. ரெடிக்கை என்ன பண்றது?

2006-ல நெய்ஸ்மித் வாங்கினவர், டியூக் பல்கலை. டிராஃப்ட்ல 11-வது. ஆர்லாண்டோவுல முதல் ரெண்டு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சார். இவரும் தாவ மாட்டார், வேகம் இல்லை, “காலேஜ் ஷூட்டர்”னு முத்திரை. ஆனா 15 பருவம் நின்னார், 2021-ல ஓய்வு, இப்போ லேக்கர்ஸ் கோச். என்ன பண்ணினார்? பந்து இல்லாம ஓடக் கத்துக்கிட்டார். ஒரு ஸ்கிரீன், அடுத்த ஸ்கிரீன், மூலை, திரும்ப மேலே. துரத்துறவன் நாக்குத் தள்ளணும். டிஃபென்ஸ்ல பிரமாதம் கிடையாது, ஆனா நிக்க வேண்டிய இடத்துல முன்கூட்டியே நிப்பார்.

ஜிம்மர் அதைச் செய்யலை. கிங்ஸ் கத்துக்கொடுக்காதது ஒரு பங்கு. தான் யார்ங்கிறதை அவ்ளோ சீக்கிரம் மாத்திக்க அவருக்கே மனசு வரலைங்கிறது இன்னொரு பங்கா இருக்கலாம். நாடே உன் பேரைக் கத்தின அடுத்த வருஷம், ஓரமா ஓடு, பந்தைக் கேட்காதேன்னு சொன்னா யாருக்கு இனிக்கும்? நேத்து பழி முழுசையும் சாக்ரமென்டோ தலையில கட்டினேன், ரெடிக்கை நினைச்சா அந்தக் கணக்கு அப்படி நிக்கலை.

9 மே

ஒருத்தர் கேட்கிறார், அண்ணே நீங்க வக்கீலா, எதிர்க்கட்சி வக்கீலான்னு. ஃபீஸ் யார் தர்றாங்களோ அவங்க பக்கம்.

11 மே

சீனா. இதை யாரும் எடுக்கலையேன்னு பார்த்தேன்.

2016-ல ஷாங்காய் ஷார்க்ஸ், அப்போ சீன ஜாம்பவான் யாவ் மிங்கோட அணி. முதல் பருவம் சராசரி 37-க்கு மேல. அங்கே வெளிநாட்டு ஆளை விலை கொடுத்து வாங்குறதே பாயிண்ட்டுக்குத்தான். பந்து வேணுமா, எடுத்துக்கோ, இன்னும் வேணுமா, இந்தா. 2017 பிப்ரவரியில ஒரு ஆட்டத்துல 73. 2018 நவம்பர்ல 75. ரெண்டு ஆட்டத்திலயும் அணி தோத்துச்சு, அந்த 75 ஆட்டம் ஒரே பாயிண்ட்டுல போச்சு. 75 அடிச்ச ஆள் தலையைக் குனிஞ்சுட்டுப் போய்ப் பஸ் ஏறணும்னா எப்படி இருக்கும்!

“சீன லீக் எல்லாம் லீக்கா”ன்னு கேட்க வர்றவங்களுக்கு: என்பிஏ-வை விடக் கீழேதான், சந்தேகமே இல்லை. ஆனா என்பிஏ-வுல இடம் கிடைக்காத எத்தனையோ நல்ல அமெரிக்க கார்டுகள் அங்கே போனாங்க, எல்லாரும் 75 அடிக்கலை.

2019 மார்ச்ல ஃபீனிக்ஸ் சன்ஸ் கூப்பிட்டுது. முதல் ஆட்டம் யூட்டாவுலயே. எதிரணி ஆள் களம் இறங்கணும்னு சொந்த ஊர்க் கூட்டம் கத்தினதை அன்னைக்குத்தான் பார்த்தேன். இறங்கினார், ஷாட் விழலை. ஆறு ஆட்டத்தோட அந்தக் கதை முடிஞ்சுது. அப்புறம் கிரீஸ்ல பனாதிநாய்கோஸ், திரும்ப ஷாங்காய்.

14 மே

த்ரீ-எக்ஸ்-த்ரீ பத்திச் சொல்லுங்கன்னு ரெண்டு பேர். பாதிக் கோர்ட், பக்கத்துக்கு மூணு ஆள், ஒரு மாற்று ஆள். உள்ளே போட்டா 1, வெளியே இருந்து போட்டா 2. பத்து நிமிஷம், இல்லை யார் முதல்ல 21. ஷூட் பண்ண 12 செகண்டுதான். ஆட்டத்துல கோச் பக்கத்துல நின்னு கத்த முடியாது.

இந்தக் கணக்கைப் பாருங்க: ஐந்து பேர் ஆட்டத்துல வெளி ஷாட் உள் ஷாட்டை விட ஒன்றரை மடங்கு. இங்கே ரெண்டு மடங்கு. ஜிம்மருக்குன்னே யாரோ உட்கார்ந்து விதி எழுதின மாதிரி. 2022-ல அமெரிக்க அணிக்குள்ள வந்தார், 2023 வியன்னா உலகக்கோப்பையில வெள்ளி, அதே வருஷம் பான் அமெரிக்கன் போட்டியில தங்கம். இதுல முதல்ல சொன்ன வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கணும்: மூணு பேர் ஆட்டத்துல ஒளிய இடமே கிடையாது, பந்து மாறினதும் தடுக்கிறவன் நீதான். 34 வயசுல அதையும் ஆடினார். அப்போ டிஃபென்ஸ் சுத்தமா வராதுன்னு இல்லை.

ஒரு உபரித் தகவல், கூட ஆடின கேன்யன் பேரி ஃப்ரீ த்ரோவைக் கீழே இருந்து ரெண்டு கையால தூக்கித்தான் போடுவார். பழைய நட்சத்திரமான அப்பா ரிக் பேரி போட்ட மாதிரியே. இதுக்குத் தனி இழையே ஓட்டலாம்.

14 மே, இரவு

பாரிஸ் பத்தி எழுத மனசில்லாம மேலே நிறுத்தினேன். 2024 ஒலிம்பிக்ஸ், ப்ளாஸ் தெ லா கான்கோர்ட். ரெண்டாவது ஆட்டம் போலந்து கூட, காலுல அடி. தொடைப் பக்கத் தசைநார் போச்சு. நாலு பேர் அணியில ஒருத்தர் போனா மாற்று ஆளே கிடையாது, மிச்ச மூணு பேர் நிக்காம ஓடணும். ஏழு ஆட்டத்துல ரெண்டு வெற்றி, அடுத்த சுற்றுக்குப் போகலை. அதுக்கப்புறம் அவர் போட்டியில ஆடவே இல்லை.

17 மே

கேள்வி போட்டவர் திரும்ப வந்து, “அப்போ நெய்ஸ்மித் விருதுக்கு என்னதான் அர்த்தம்”னு கேட்கிறார். அந்த வருஷம் கல்லூரியில சிறப்பா ஆடினவர் யார்ங்கிறதுதான். எதிர்காலத்துக்கு ஜாமீன் கிடையாது. 2012 ஆன்தனி டேவிஸ், சரி. 2013 ட்ரே பர்க், அணி அணியா மாறினார். 2015 ஃப்ராங்க் கமின்ஸ்கி, ஓரளவு. 2018 ஜேலன் பிரன்ஸன், டிராஃப்ட்ல 33-வது வரைக்கும் யாரும் தொடலை. இப்போ நியூயார்க் அவரை வெச்சுத்தான் ஓடுது. விருதைப் பார்த்து இதையெல்லாம் யாரால சொல்லியிருக்க முடியும்?

‘ஃபெயிலியர்’ங்கிற சொல் எனக்கு ஒத்துக்கலை. என்பிஏ-வுல நிலைக்கலைன்னு சொல்லுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்.

20 மே

ஜிம்மர் இன்னும் பாஸ்கெட்பால்ல இருக்காரான்னு கடைசியா வந்த கேள்விக்குப் பதில். ஆமா, இப்போ அவர் அமெரிக்க ஆண்கள் த்ரீ-எக்ஸ்-த்ரீ அணியோட நிர்வாகப் பொறுப்புல. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல 8 அணிக்குப் பதிலா 12 அணி ஆடும். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்க ஆண்கள் தகுதியே பெறலைங்கிறதை மறந்துடாதீங்க, பேரு பெருசுங்கிறதால மட்டும் எதுவும் வராது. கல்லூரியில கலக்கி, என்பிஏ-வுல இடம் கிடைக்காம ஐரோப்பாவுல சுத்திட்டு இருக்கிற ஷூட்டர் ஒருத்தரையாவது அவர் எடுப்பார்னு என் ஊகம். யாரா இருக்கும்னு உங்க பட்டியலைப் போடுங்க. உயரம் ஆறரை அடிக்கு மேல இருந்தா நல்லது, டிஃபென்ஸ் பண்ணத் தெரிஞ்சா ரொம்ப நல்லது.